ரோட்டில் நிறுத்தி ‘போனைக் காட்டு’ என்றால் காட்டணுமா? ஹைதராபாத் சோதனையும் அமெரிக்கச் சட்டமும்

2021 அக்டோபர் மாதக் கடைசியில் ஹைதராபாத்திலிருந்து ஒரு வீடியோ சமூக வலைதளங்களில் பரவியது. சாலையில் பைக்கில் வருபவர்களையும் நடந்து போகிறவர்களையும் போலீஸார் நிறுத்துகிறார்கள். பாக்கெட்டைத் தடவிப் பார்க்கிறார்கள். பிறகு போனை வாங்கி, வாட்ஸ்அப்பைத் திறந்து, தேடும் இடத்தில் ‘கஞ்சா’ போன்ற வார்த்தைகளைப் போட்டுப் பார்க்கிறார்கள். எதுவும் வரவில்லை என்றால் போனைத் திருப்பிக் கொடுத்து, ‘போகலாம்’ என்கிறார்கள்.

நிறுத்தப்பட்டவர்கள் மேல் எந்த வழக்கும் இல்லை. போலீஸ் கையில் வாரன்ட்டும் இல்லை. நகரில் கஞ்சா புழக்கத்துக்கு எதிராக அப்போது நடந்துகொண்டிருந்த நடவடிக்கையின் ஒரு பகுதி இது என்று சொல்லப்பட்டது.

கச்சிபவுலியிலோ மாதாப்பூரிலோ வேலை பார்க்கும் ஒரு தமிழ் இளைஞராக உங்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வருகிறீர்கள். தெலுங்கு அரைகுறை. ஹிந்தி அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. போலீஸ் கை காட்டி நிறுத்தி, ‘போன் இவ்வு’ என்கிறார். கொடுத்துவிடுவீர்களா, மாட்டீர்களா? பெரும்பாலானவர்கள் கொடுத்துவிடுவோம். ‘மடியில் கனம் இல்லை, வழியில் என்ன பயம்?’ என்று நம்மை நாமே சமாதானம் செய்துகொள்வோம்.

ஆனால் அந்த போனில் வங்கிக் கணக்கு இருக்கிறது. ஆபீஸ் மெயில் இருக்கிறது. மனைவியோடோ காதலியோடோ பேசியது, டாக்டர் ரிப்போர்ட், நண்பர்கள் குரூப்பில் அரசியல்வாதியைக் கிண்டலடித்துப் போட்ட மீம் என எல்லாமே இருக்கிறது. இவற்றில் பாதி உங்களுடையதே அல்ல, உங்களை நம்பி மற்றவர்கள் அனுப்பியவை. இதைக் காட்டச் சொல்ல போலீஸுக்கு அதிகாரம் உண்டா? மறுக்க உங்களுக்கு உரிமை உண்டா?

போலீஸ் தரப்பு சொன்னது என்ன?

இந்தச் சோதனை பற்றிச் செய்தியாளர்கள் கேட்டபோது, ஹைதராபாத் காவல்துறையின் மூத்த அதிகாரி ஒருவர் அதை மறுக்கவில்லை. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, மக்கள் ஒத்துழைக்கிறார்கள், யாரும் புகார் சொல்லவில்லை, அதனால் சட்டவிரோதம் எதுவும் இல்லை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அதாவது, மக்கள் தாங்களாகவே சம்மதித்துக் கொடுக்கிறார்கள்.

முழுக் கதையும் இந்தச் ‘சம்மதம்’ என்ற ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, இதே கேள்வி நேராக உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்ப் பதில் வாங்கிய ஒரு நாட்டைப் பார்த்துவிட்டு வருவோம்.

அமெரிக்காவில் இதற்கு என்ன பதில்?

2009-ல் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரில் டேவிட் ரைலி என்பவரின் காரை போலீஸ் நிறுத்தியது. வண்டியின் பதிவு காலாவதி ஆகியிருந்தது. காரைச் சோதித்தபோது துப்பாக்கிகள் கிடைத்தன, கைது செய்தார்கள். அவருடைய பாக்கெட்டில் இருந்த ஸ்மார்ட்போனையும் வாரன்ட் இல்லாமலேயே திறந்து பார்த்தார்கள். அதில் இருந்த படங்களும் வீடியோக்களும் ஒரு துப்பாக்கிச் சூடு வழக்கில் அவருக்கு எதிரான சாட்சியங்களாயின.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2014 ஜூன் 25 அன்று 9 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். கைது செய்யப்பட்டவரின் பாக்கெட்டைச் சோதிக்கலாம், பர்ஸைப் பார்க்கலாம். போன் அப்படிப்பட்ட பொருள் அல்ல. ஒரு மனிதரின் வாழ்க்கை முழுவதும் அதற்குள் இருக்கிறது. அப்படியானால் போனைப் பார்க்க போலீஸ் என்ன செய்யணும்? தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய பதில் ரொம்பச் சுருக்கம்: வாரன்ட் வாங்கி வாருங்கள். உயிருக்கு ஆபத்து போன்ற அவசர நிலைகளுக்கு மட்டும்தான் விலக்கு.

இதற்கு அடிப்படை அமெரிக்க அரசியல் சாசனத்தின் 4-வது திருத்தம். 1791-ல் வந்தது. மக்களின் உடல், வீடு, ஆவணங்கள், உடைமைகள் ஆகியவற்றை நியாயமற்ற முறையில் சோதிக்கவோ பறிக்கவோ கூடாது, தகுந்த காரணம் இல்லாமல் வாரன்ட் தரக் கூடாது என்று அது சொல்கிறது. பிரிட்டிஷ் ஆட்சியில் அதிகாரிகள் பொதுவான ஒரு வாரன்ட்டை வைத்துக்கொண்டு எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்ததை அனுபவித்தவர்கள் எழுதிய வரி அது.

நம் அரசியல் சாசனத்தில் இது ஏன் இல்லை?

பிரிட்டிஷ் போலீஸின் சோதனைகளை நாமும்தான் அனுபவித்தோம். அப்படியிருந்தும் இந்த வரி ஏன் நம் சாசனத்துக்கு வரவில்லை?

வர இருந்தது. 1947-ல் அடிப்படை உரிமைகள் துணைக் குழுவில் அம்பேத்கர், கே.எம்.முன்ஷி, ஹர்னாம் சிங் ஆகியோர் தந்த வரைவுகளில் நியாயமற்ற சோதனைக்கு எதிரான பாதுகாப்பு இருந்தது. அதை எதிர்த்தவர்களில் முக்கியமானவர்கள் இருவர். ஒருவர் சாசன ஆலோசகர் பி.என்.ராவ். இன்னொருவர் சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். இப்படி ஓர் உரிமையைச் சாசனத்தில் வைத்தால் குற்றப் புலனாய்வுக்கு இடைஞ்சலாகும் என்பது அவர்கள் கவலை. அந்தப் பகுதி நீக்கப்பட்டது.

1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் காஜி சையத் கரிமுதீன் கிட்டத்தட்ட அமெரிக்க 4-வது திருத்தத்தின் வாசகத்தையே ஒரு திருத்தமாகக் கொண்டுவந்தார். அது பயனுள்ளதுதான் என்று அம்பேத்கரும் ஏற்கத் தயாராக இருந்தார். ஆனாலும் கடைசியில் அது சாசனத்துக்குள் வரவில்லை.

இதன் விளைவு சீக்கிரமே தெரிந்தது. 1954-ல் எம்.பி.சர்மா வழக்கில் 8 நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, அமெரிக்காவின் 4-வது திருத்தம் போன்ற ஓர் உரிமை நம் சாசனத்தில் இல்லை, அதை வலிந்து உள்ளே கொண்டுவர முடியாது என்றது. இந்தப் பார்வையை முழுசாக மாற்ற 63 ஆண்டுகள் ஆயின.

2017-க்குப் பிறகு என்ன மாறியது?

ஆதாருக்கு எதிராக, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி வழக்கு போட்டிருந்தார். அதில் எழுந்த கேள்விக்கு 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகள் ஒருமனதாகப் பதில் சொன்னார்கள். தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை. உயிருக்கும் தனிநபர் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு தரும் பிரிவு 21-க்குள்ளேயே அது இருக்கிறது. இதற்கு மாறாக எம்.பி.சர்மா தீர்ப்பில் சொல்லப்பட்டது செல்லாது.

அரசு ஒருவரின் தனியுரிமைக்குள் கை வைக்கணும்னா மூன்று விஷயங்கள் வேண்டும். அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும். நியாயமான நோக்கம் இருக்க வேண்டும். அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் போகக் கூடாது.

இப்போது ஹைதராபாத் சோதனையை இந்த மூன்று கேள்விகளில் வைத்துப் பாருங்கள். போதைப்பொருளைத் தடுப்பது நியாயமான நோக்கம்தான். ஆனால் சாலையில் போகிற யாருடைய வாட்ஸ்அப்பையும் திறந்து பார்க்கலாம் என்று சொல்லும் சட்டம் எது? ஒரு கஞ்சா வியாபாரியைப் பிடிக்க நூறு பேரின் சாட்டைப் படிப்பது எந்த அளவுகோலில் சேரும்?

போலீஸுக்கு சட்டம் தரும் அதிகாரம் என்ன?

போலீஸுக்கு அதிகாரமே இல்லை என்று அர்த்தம் இல்லை. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. நமக்குத் தேவையான பிரிவுகள் இவை:

• பிரிவு 94: விசாரணைக்குத் தேவை என்றால் நீதிமன்றம் சம்மன் மூலமாகவோ, காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்துப்பூர்வ உத்தரவு மூலமாகவோ ஆவணங்களைக் கேட்கலாம். டிஜிட்டல் சாட்சியம் இருக்கக்கூடிய சாதனங்களும் இதில் அடக்கம்.

• பிரிவு 185: வாரன்ட் வாங்கி வர நேரமில்லை என்றால் விசாரணை அதிகாரி நேரடியாகச் சோதனை போடலாம். ஆனால் எந்தக் குற்றத்தை விசாரிக்கிறார், எதைத் தேடுகிறார், ஏன் காத்திருக்க முடியாது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

• பிரிவு 106: திருட்டுப் பொருள் என்றோ குற்றத்தோடு தொடர்புடையது என்றோ சந்தேகம் தரும் பொருளைக் கைப்பற்றலாம்.

• பிரிவு 105: சோதனையையும் கைப்பற்றலையும் ஆடியோ-வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும்.

இந்தச் சோதனை அதிகாரங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு குறிப்பிட்ட குற்றமோ, விசாரணையோ, சந்தேகமோ இருக்கிறது. ‘யாரிடம் ஏதாவது கிடைக்குமா பார்ப்போம்’ என்று வலை வீசும் அதிகாரத்தை இவற்றில் எதுவும் தரவில்லை.

நீதிமன்றங்களும் இதைப் பேசியிருக்கின்றன. பெங்களூரு போதைப்பொருள் வழக்கு ஒன்றிலிருந்து எழுந்த வீரேந்திர கன்னா வழக்கில், போனைச் சோதிக்க பொதுவாக சர்ச் வாரன்ட் வேண்டும், அவசர நிலையில் மட்டும்தான் விலக்கு என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2021 மார்ச்சில் சொன்னது. இது தெலங்கானாவைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எடுத்துக்காட்டி வாதாட உதவும்.

பாஸ்வேர்டைக் கட்டாயமாகச் சொல்லணுமா?

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது நம் சாசனத்தின் பிரிவு 20(3). அமெரிக்காவில் இதற்கு இணையானது 5-வது திருத்தம். பாஸ்வேர்டைச் சொல்வது ‘சாட்சி சொல்வது’ ஆகுமா?

இரண்டு நாட்டிலும் இதற்கு ஒரே பதில் இன்னும் வரவில்லை. மேலே சொன்ன அதே கர்நாடகத் தீர்ப்பு, பாஸ்வேர்டைத் தருவது தனக்கு எதிரான சாட்சியம் ஆகாது என்றது. 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவரை பாஸ்வேர்டைத் தரும்படி நிர்ப்பந்திக்க முடியாது என்றது. அமெரிக்காவிலும் கீழ் நீதிமன்றங்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. கைரேகை, முகம் காட்டித் திறக்கும் பூட்டுக்கு பாஸ்வேர்டை விடக் குறைவான பாதுகாப்புதான் என்று சில தீர்ப்புகள் சொல்கின்றன.

ஆனால் இந்த வழக்குகள் எல்லாமே ஏற்கெனவே வழக்கில் சிக்கியவர்களைப் பற்றியவை. ரோட்டில் சும்மா போகிறவரின் நிலை இதைவிட வலுவாகத்தானே இருக்க வேண்டும்?

உரிமை இருக்கு, அதை மீறினால் என்ன ஆகும்?

இங்கேதான் நமக்கும் அமெரிக்காவுக்கும் உண்மையான வித்தியாசம் இருக்கிறது.

1961-ல் மேப் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு விதியை நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கியது. போலீஸ் சட்டவிரோதமாகச் சோதனை போட்டு எதையாவது எடுத்தால், அதை நீதிமன்றத்தில் சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது. விதிவிலக்குகள் பின்னர் பல வந்துவிட்டன. ஆனாலும் ஒரு அமெரிக்க போலீஸ்காரர் போனைத் திறப்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கக் காரணம், வழக்கே கையை விட்டுப் போய்விடுமோ என்ற கவலை.

இந்தியாவில் நிலைமை தலைகீழ். வருமான வரிச் சோதனை தொடர்பான பூரன் மல் வழக்கில் 1970-களில் நம் உச்ச நீதிமன்றம், சோதனை சட்டவிரோதமாகவே நடந்திருந்தாலும், கிடைத்த ஆவணம் வழக்கோடு தொடர்புடையது என்றால் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. அந்த அணுகுமுறைதான் இன்று வரை அடித்தளமாக இருக்கிறது. அதாவது, விதியை மீறி எடுத்தால்கூட எடுத்தது வீண் போகாது. அப்படியென்றால் விதியை ஏன் மதிக்க வேண்டும்?

ஆனால் நம் சட்டத்துக்கும் இப்படி ஒரு கடிவாளம் போடத் தெரியும். இரண்டு உதாரணங்கள் பார்ப்போம்.

ஒன்று, போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம். அமெரிக்காவில் மௌனமாக இருக்கும் உரிமையைச் சொல்லிவிட்டு வாங்கிய வாக்குமூலம் செல்லும். இந்தியாவில் போலீஸ் அதிகாரியிடம் செய்த ஒப்புதலைக் குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்கவே முடியாது. இந்த இடத்தில் நம் சட்டம்தான் கறார்.

இரண்டாவது, இந்தக் கதைக்கே நேரடியாகத் தொடர்புள்ளது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 50, ஒருவரின் உடலைச் சோதிப்பதற்கு முன், கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமையை அவருக்குத் தருகிறது. அப்படி ஓர் உரிமை இருக்கிறது என்பதை போலீஸ் அவரிடம் சொல்லியாக வேண்டும் என்று 1999-ல் பல்தேவ் சிங் வழக்கில் 5 நீதிபதிகள் அமர்வு சொன்னது. சொல்லாமல் சோதித்து, அதில் கிடைத்த பொருளை மட்டுமே வைத்துத் தண்டித்தால் அந்தத் தண்டனை நிற்காது. அதனால்தான் போதைப்பொருள் வழக்குகளில் போலீஸ் இந்த விதியை எழுத்தில் கொண்டுவரக் கவனமாக இருக்கிறது.

இப்போது அந்த வீடியோவை மறுபடி நினைத்துப் பாருங்கள். கஞ்சா இருக்கிறதா என்று பாக்கெட்டில் கை விடுவதற்கு ஒரு விதி இருக்கிறது, மீறினால் விளைவும் இருக்கிறது. அதே பாக்கெட்டில் இருக்கும் போனுக்குள் போவதற்கு மட்டும் அப்படி எதுவும் இல்லை.

மாற்றத்துக்கான அறிகுறி சென்னையிலிருந்து வந்திருக்கிறது. 2011-ல் ஒரு தொழிலதிபரின் போனை ஒட்டுக்கேட்க மத்திய உள்துறை போட்ட உத்தரவை, சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ரத்து செய்தது. சட்டம் சொல்லும் பொது அவசரமோ பொதுப் பாதுகாப்போ இல்லாமல், சாதாரணக் குற்றத்தைக் கண்டுபிடிக்க ரகசியமாக ஒட்டுக்கேட்க முடியாது என்றது. முக்கியமாக, அப்படித் திரட்டிய உரையாடல்களைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொன்னது.

போன், லேப்டாப் பறிமுதலுக்கு விதிமுறை வேண்டும் என்று பத்திரிகையாளர்களும் கல்வியாளர்களும் போட்ட வழக்குகளில், 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் வழிகாட்டு நெறிகளைக் கொண்டுவரச் சொன்னது. அதுவரை மத்திய விசாரணை அமைப்புகள் சிபிஐ கையேட்டைப் பின்பற்றும் என்று அரசு அடுத்த மாதம் உறுதி சொன்னது. மாநில போலீஸ், அதுவும் தெருமுனை சோதனை, அந்த உறுதிமொழிக்குள் வரவில்லை.

போன் மட்டுமா? முகமும்தான்

ஹைதராபாத்தில் இதற்கு முன்பே வேறொரு கேள்வி எழுந்துவிட்டது. 2021 மே மாதம், லாக்டவுன் சமயம். சமூகச் செயற்பாட்டாளர் எஸ்.க்யூ.மசூத் ஸ்கூட்டரில் போகும்போது போலீஸ் நிறுத்தி மாஸ்க்கைக் கழற்றச் சொன்னது. அவர் மறுத்தார். ஆனாலும் அவரைப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் எங்கே போகும், எதற்குப் பயன்படும் என்று கேட்டு அவர் போலீஸ் கமிஷனருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். பிறகு தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போட்டார். 2022 ஜனவரியில் நீதிமன்றம் அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

தெலங்கானா போலீஸின் டிஎஸ்காப் செயலியில் முகத்தை வைத்து ஆளைத் தேடும் வசதி 2018-லேயே சேர்க்கப்பட்டுவிட்டது. 2022-ல் பஞ்சாரா ஹில்ஸில் பிரம்மாண்டமான கமாண்ட் கன்ட்ரோல் சென்டரும் திறக்கப்பட்டது. எந்தச் சட்டத்தின் கீழ் வழியில் போகிறவரின் முகத்தைப் பதிவு செய்கிறீர்கள் என்பதுதான் மசூத்தின் கேள்வி. 2022-ல் வந்த குற்றவியல் அடையாளச் சட்டமும்கூட, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாவிட்டால், பொதுவாகத் தண்டிக்கப்பட்டவர்கள், கைதானவர்கள், நன்னடத்தை ஜாமீன் தர உத்தரவிடப்பட்டவர்கள் பற்றித்தான் பேசுகிறது. ஸ்கூட்டரில் போகிறவரைப் பற்றி அல்ல.

அப்போ அமெரிக்கா சொர்க்கமா?

இல்லவே இல்லை. 4-வது திருத்தம் இருந்தும் நியூயார்க் போலீஸ் 2004 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை சாலையில் 44 லட்சம் முறை ஆட்களை நிறுத்தியது. நிறுத்தப்பட்டவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானிக் மக்களும். பெரும்பாலான தடவைகளில் எந்த நடவடிக்கையும் எடுக்க முகாந்திரம் இல்லை. இந்த நடைமுறை சாசனத்துக்கு விரோதமானது என்று 2013-ல் ஒரு கூட்டாட்சி நீதிபதி சொன்னார். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் போலீஸ் கை காட்டும்போது யார் வண்டி நிற்கிறது என்பது வேறு விஷயம்.

அங்கேயும் ‘சம்மதம்’ ஒரு பெரிய ஓட்டை. நீங்களாகச் சம்மதித்தால் வாரன்ட் வேண்டாம். மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று போலீஸ் சொல்லத் தேவையில்லை என 1973-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நானக்ராம்குடா கான்சுலேட் வாசலில் வரிசையில் நிற்கிறவர்களுக்கு இன்னொரு முக்கியமான விஷயம். ரைலி தீர்ப்பின் பாதுகாப்பு அமெரிக்க விமான நிலையத்தின் குடியேற்ற கவுன்டரில் அப்படியே கிடைக்காது. எல்லையில் வாரன்ட் இல்லாமல் சாதனங்களைச் சோதிக்கலாம் என்பது அந்நாட்டு அரசின் நிலை. இதன் வரம்பு பற்றி நீதிமன்றங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. போனைத் திறக்க மறுத்தால் அமெரிக்கக் குடிமகனை உள்ளே விடாமல் இருக்க முடியாது, போனை மட்டும் வைத்துக்கொள்ளலாம். விசாவில் போகிறவரைத் திருப்பி அனுப்பவே முடியும். இது போதாதென்று, 2025 டிசம்பர் முதல் ஹெச்-1பி, ஹெச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக வலைதளக் கணக்குகளும் பரிசீலிக்கப்படுகின்றன.

சரி, நாளைக்கு நிறுத்தினால் என்ன செய்யலாம்?

இது பொதுவான விளக்கம்தான், சட்ட ஆலோசனை அல்ல. உங்கள் பேரில் வழக்கு இருந்தால் வக்கீலைப் பாருங்கள்.

1. வண்டியை நிறுத்துங்கள். லைசென்ஸையும் ஆர்.சி.யையும் கேட்டால் காட்ட வேண்டியது கட்டாயம். டிஜிலாக்கரில் வைத்திருந்தால் போனை நீங்களே பிடித்துக்கொண்டு திரையைக் காட்டுங்கள். கையில் கொடுக்க வேண்டி வந்தால், அந்த ஒரு ஆப் மட்டும் தெரியும்படி திரையைப் பூட்டும் வசதி ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இருக்கிறது. முன்கூட்டியே பழகி வைத்துக்கொள்ளுங்கள்.

2. போனைத் திறக்கச் சொன்னால் நிதானமாகக் கேளுங்கள்: ‘சார், எந்தக் கேஸ் விஷயமா? வாரன்ட்டோ எழுத்துல ஆர்டரோ இருக்கா?’ இல்லை என்றால், ‘பார்க்க எனக்குச் சம்மதம் இல்லை சார்’ என்று மரியாதையாகச் சொல்லுங்கள். சம்மதம் தெலுங்கிலும் சம்மதம்தான்: ‘நாகு சம்மதம் காதண்டி.’ இந்த ஒரு வாக்கியம்தான் பின்னால் ‘அவராகவே கொடுத்தார்’ என்ற வாதத்தை உடைக்கும்.

3. மறுப்பது வேறு, தடுப்பது வேறு. தள்ளுமுள்ளு, ஓட்டம், அவசரமாகச் சாட்டை அழிப்பது இதெல்லாம் வேண்டாம். பணியைத் தடுத்ததாகவோ சாட்சியத்தை அழித்ததாகவோ புது வழக்கு வந்துவிடும். சட்டப்படியான உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவரைத் தடுத்து வைக்க புதிய சட்டத்தின் பிரிவு 172 போலீஸுக்கு அதிகாரம் தருகிறது. ‘சட்டப்படியானது’ எது என்ற சண்டையை ரோட்டில் ஜெயிக்க முடியாது. நிர்ப்பந்தம் செய்தால், ‘சம்மதம் இல்லாமல்தான் தருகிறேன்’ என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

4. கைரேகை, முகப் பூட்டை விட நீளமான பாஸ்வேர்டு பாதுகாப்பானது. போனை அணைத்து வைத்தால், மறுபடி திறக்க பாஸ்வேர்டுதான் கேட்கும்.

5. போனைக் கைப்பற்றினால் பறிமுதல் பட்டியலின் நகல் கேளுங்கள். அதில் போனின் ஐஎம்இஐ எண், நேரம், இடம் இருக்கட்டும். புரியாத மொழியில் எழுதியதிலோ வெற்றுத் தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள்.

6. கைது செய்தால் காரணத்தை எழுத்தில், உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் சொல்லியிருக்கிறது. தெலுங்கு தெரியாத நம்மவர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் ஆஜர்படுத்த வேண்டும். இலவச சட்ட உதவிக்கு 15100-ல் அழைக்கலாம்.

7. வீட்டுக்கு வந்ததும் தேதி, நேரம், இடம், அதிகாரியின் பெயர் பட்டை, காவல் நிலையம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். போலீஸ் கமிஷனரிடமோ மாநில மனித உரிமை ஆணையத்திடமோ புகார் தரலாம். உயர் நீதிமன்றத்தின் கதவு எப்போதும் உண்டு.

கடைசியாக ஒன்று

‘நல்ல வேலையில் இருக்கிறோம், கழுத்தில் கம்பெனி ஐடி கார்டு தொங்குகிறது, நம்மை யார் நிறுத்தப் போகிறார்கள்’ என்று சிலர் நினைக்கலாம். ஓரளவு அது உண்மையும்கூட. கார்டு தொங்கும் கழுத்தை விட, ஓல்டு சிட்டியில் மெக்கானிக் கடை முடிந்து வீடு திரும்பும் பையனின் பைக்தான் அதிகம் நிற்கும். ‘வேண்டாம் சார்’ என்று சொல்லிவிட்டு வீடு போய்ச் சேரும் வாய்ப்பு அவனை விட நமக்கே அதிகம்.

‘யாரும் புகார் சொல்லவில்லை’ என்பதுதான் 2021-ல் அந்தச் சோதனையை நியாயப்படுத்தச் சொன்ன காரணம். மசூத் ஒருவர் நோட்டீஸ் அனுப்பியதால்தான் முகப் படம் எடுப்பது பற்றி அரசு நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தது. போனுக்கும் அப்படி ஒரு புகார் பதிவானால், அந்தக் காரணத்தை மறுபடி சொல்ல முடியாது.